பத்தாவது கையெழுத்து

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுதி யார் படிக்கப்போகிறார்கள்? ஆனால் என் நண்பன் எம்.பி. தேர்தலில் சுயேச்சையாக நின்ற கதையை அவன் சொன்னால் என்னைக் கோமாளி ஆக்கிவிடுவான். அதற்கு நானே சொல்வது மேல்.

அஸ்தினாபுரத்தில் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறவன் அவன். குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று கேட்கத்தான் நின்றான்.

"கொழாய்ல தண்ணி வந்தா உன் பொழப்பு போயிடும்டா" என்றேன்.

"போவட்டும். முதுகாவது மிஞ்சும்."

பெரிய கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும், பத்தும் அதே தொகுதி வாக்காளர்கள். "ஒரு டீ குடிக்கிற நேரத்துல முடிக்கிறேன்" என்று கிளம்பி ஒன்பது கையெழுத்து வாங்கினேன். பத்தாவதுக்கு இஸ்திரி போடும் அக்காவைக் கேட்டிருக்கலாம். ஆனால் அவர் வண்டியைத் தாண்டும்போதெல்லாம் "அக்கா, கருகுற வாசனை வருது!" என்று கத்துவது என் வழக்கம். எதற்கு வம்பென்று நானே போட்டுவிட்டேன்.

மனு தாக்கலுக்குக் கடைசி நாள். அலுவலக வாசலில் படிவத்தைச் சரிபார்த்தவர் நிமிர்ந்தார்.

"பத்தாவது யாருப்பா? இது கூடுவாஞ்சேரி ஓட்டு, வேற தொகுதி. மூணு மணிக்குள்ள வேற ஆள் கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

போன வருஷம் கூடுவாஞ்சேரிக்குக் குடிபோனபோது ஓட்டையும் மாற்றியிருந்தேன். சுத்தமாக மறந்துபோயிற்று. நண்பன் திட்டவில்லை. கடிகாரத்தை மட்டும் பார்த்தான். திட்டியிருக்கலாம்.

படிவத்தோடு பைக்கில் பறந்தேன். அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"இன்னாடா, கருகுற வாசனை வருதா?"

"வருதுக்கா. இந்தவாட்டி எங்கிட்டேர்ந்துதான்."

விஷயத்தைக் கேட்டுவிட்டு வாக்காளர் அட்டையை எடுத்தார். "அந்தத் தண்ணிக்கேன் புள்ளைக்கோசரம் போடுறேன். ஒனக்கு இல்ல."

மூன்றடிக்கக் கால் மணி இருக்கும்போது திரும்பினேன். மறுநாள் பரிசீலனையில் மனுவை ஏற்றுக்கொண்டார்கள். அப்புறம் தாம்பரம் மார்க்கெட் முழுக்க அவனுக்கு ஓட்டுக் கேட்டவன் நான்தான். என் வாய்க்கு ஈடுகொடுக்க எந்தக் கட்சியிலும் ஆள் இல்லை.

வாக்குப்பதிவு நாளில் கூடுவாஞ்சேரியில் மெஷின் முன் நின்றேன். இருக்காது என்று தெரிந்தும் அவன் பெயரைத் தேடினேன். வெளியே வந்ததும் போன் போட்டேன்.

"மச்சான், எவ்ளோ பேராண்ட உனக்கு ஓட்டு கேட்டேன், என் ஓட்டு உனக்கு இல்லியேடா!"

"அடுத்த தபா நீ அங்க நில்லு மச்சான், பத்தாவது கையெழுத்து நான் போடுறேன்."