முன்னூறு ஆடு கடக்கிற இடைவெளி

சோலைராஜ் அண்ணாச்சி பேட்டரி கார் வாங்கியபோது எங்கள் தெருவில் எல்லோரும் அவரிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "ஸ்டார்ட் ஆயிருச்சா?" வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதும் கேட்டார்கள்.

பதினோரு வயதில் கம்பைப் பிடித்தவர். முப்பத்தைந்து வருடம் கரிசல் காடெல்லாம் ஆடு மேய்த்தார். மூட்டு தேய்ந்ததும் இருபது உருப்படியை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை விற்றார், கார் வாங்கினார். பேட்டரி கார் ஏன் என்று கேட்டவர்களுக்கு அவரிடம் ஒரே பதில்தான்: "ராத்திரி பட்டியில அடைச்சா காலையில வயிறு நெறஞ்சு நிக்கி. வேற என்ன வேணும்?"

நான்கு மாதம் அந்தக் கார் கழுகுமலைக்குப் போனது, எட்டயபுரம் ரோட்டில் தீவனம் வாங்கப் போனது. நாலுவழிச் சாலையில் மட்டும் ஏறவில்லை. காரணம் அவருடைய தம்பி காசிராஜன். டீசல் ஜீப் வைத்திருப்பவர்.

"ஊருக்குள்ள ஓட்டுண்ணே. நாலுவழியில ஏறுததுக்கு அதுல பிக்கப் கிடையாது. நீ நொழையுததுக்குள்ள பின்னாடி வார லாரிக்காரன் மடக்கி அவன் லோடோட வச்சிருவான்."

வண்டி விற்ற கிருஷ்ணகுமார் வேறு மாதிரி சொல்லியிருந்தான். "பத்து செகண்டுல அறுபது தாண்டிரும் அண்ணாச்சி. பந்தயம் விடப் பத்தாது. ரோட்டுல போகப் போதும்." அண்ணாச்சி அதில் 'பத்தாது' என்ற சொல்லை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அப்போதுதான் தங்கச்சி உமாராணியின் மகள் காவியாவுக்குக் காதுகுத்து வந்தது. கோயில் கயத்தாறு தாண்டி, நாலுவழிச் சாலையை ஒட்டியே இருக்கிறது. வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துக் குத்திவிட வேண்டும். மூத்தவர் இருக்கும்போது மடி அவருடையது. அவர் வந்து சேராவிட்டால் இளையவருடையது. ஒரு தடவை மடி மாறினால் நாளைக்குச் சடங்குக்கும் கல்யாணத்துக்கும் மாலை யார் கைக்குப் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். காசிராஜனுக்கு நன்றாகவே தெரியும். விடியற்காலமே ஜீப்பில் புறப்பட்டவர் வாசலில் நிறுத்தி, "ஏறிக்கோண்ணே" என்று கூப்பிட்டார்.

"சீரை ஓசி வண்டியில கொண்டாந்தான்னு ஊரு பேசணுமாக்கும்? நீ போலே. நான் என் வண்டியில வாரேன்."

சீர்த்தட்டுகள் சரியாமல் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று பக்கத்து வீட்டுக்காரனான என்னைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார்கள். மடியில் வாழைப்பழத் தட்டு, பக்கத்தில் பட்டுப்பாவாடை, தேங்காய். முன்சீட்டில் பெத்தம்மாள் மதினி, கம்மல் டப்பாவை முந்தியில் முடிந்துகொண்டு. எட்டே முக்காலுக்கு சர்வீஸ் ரோடு முடிந்து நாலுவழிச் சாலை தொடங்கும் இடத்துக்கு வந்தோம். அங்கிருந்து கோயிலுக்கு அரைமணி நேரம்தான்.

அண்ணாச்சி வண்டியை நிறுத்தினார். கழுத்தைத் திருப்பி வடக்கே பார்த்தார். லாரி ஒன்று வந்தது, போனது. ஆம்னி பஸ் வந்தது, போனது. அப்புறம் கொஞ்ச நேரம் எதுவுமே வரவில்லை. அப்போதும் கார் நகரவில்லை.

ஒன்பது மணிக்கு, எதிரே டீக்கடை வைத்திருக்கும் ரேணுகாதேவி வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"வண்டி நின்னு போச்சா அண்ணாச்சி?"

"ஓடுதும்மா. எடம் பாக்கேன்."

அவள் மூன்று டீ கொண்டுவந்து கொடுத்தாள். கூடவே ஆட்களும் வந்துவிட்டார்கள். அரசு பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ராஜபாண்டி ஜன்னலில் கையூன்றி, "ஓரமாவே ஓட்டி அம்பது புடிச்சிருங்க. அப்புறம் இண்டிகேட்டரப் போட்டு உள்ள நொழைங்க. அவ்வளவுதான்" என்றார். நல்ல யோசனைதான். ஆனால் ராஜபாண்டிக்குப் பின்னால் நின்ற ஒருவர், பாரம் அதிகம், அதனால்தான் பிக்கப் இல்லை என்றார். அதை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். என் மடியிலிருந்த வாழைப்பழத்தை இறக்கினார்கள். தேங்காயை இறக்கினார்கள். என்னையும் இறக்கினார்கள். மூன்று பேர் பின்னால் போய், "தள்ளி விடட்டுமா?" என்று கையை வைத்தார்கள்.

"தொடாதீங்கவே!" என்றார் அண்ணாச்சி. "வண்டி நல்லாத்தான் இருக்கு."

ஒன்பது இருபதுக்கு உமாராணி போன் செய்தாள்.

"அண்ணே, எங்கன இருக்கீய?"

"ரோட்டு வாசல்ல இருக்கேம்மா."

"எந்த ரோட்டு வாசல்?"

"நம்ம ஊருதான்."

அந்தப் பக்கம் போன் கைமாறியது. காசிராஜனின் குரல் வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது. "அவசரமில்லண்ணே. பைய வா. நான் சம்மணம் போட்டு உக்காந்துட்டேன்."

அண்ணாச்சியின் காது சிவந்தது. மறுபடி வடக்கே பார்த்தார். உதடு லேசாக அசைந்துகொண்டிருந்தது. கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. இந்த வண்டி ஏறும் என்று ஒரு கட்சி, ஏறாது என்று ஒரு கட்சி. ஏறாது கட்சியில் இருந்த ஒருவர், தான் இதுவரை எந்தப் பேட்டரி வண்டியிலும் உட்கார்ந்ததில்லை என்பதையே சான்றாகச் சொன்னார்.

பெத்தம்மாள் மதினி மட்டும் ரோட்டைப் பார்க்கவில்லை. புருஷனின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் ஒரு லாரி புள்ளியாகத் தெரிந்ததிலிருந்து அவர் முணுமுணுக்க ஆரம்பிப்பதையும், அது எங்களைக் கடந்ததும் நிறுத்திவிட்டு அடுத்த புள்ளிக்கு முதலிலிருந்து தொடங்குவதையும் அவள் கவனித்துவிட்டாள்.

"ஏங்க, என்னத்த எண்ணுதீய?"

அவர் அடுத்த புள்ளிக்குக் கண்ணைக் கொண்டுபோனார்.

"ஆடா எண்ணுதீய?"

"நூத்தி எழுபதுகூடத் தாண்ட மாட்டேங்குது பெத்தம்மா. அதுக்குள்ள அடுத்தவன் வந்துருதான்."

நாலுவழிச் சாலை போட்ட புதிதில் ஒரு சொகுசு பஸ் அவர் ஆட்டுக்கிடையின் வால் பக்கம் புகுந்து பதினாறு ஆட்டைத் தூக்கிப் போட்டது அங்கே பலருக்குத் தெரியும். அதற்குப் பிறகு, முன்னூறு உருப்படியில் கடைசி ஆடும் கடக்கிற அளவுக்கு ரோடு காலியாக இல்லையென்றால் அவர் முதல் ஆட்டை இறக்கமாட்டார். ஒரு கிடை முழுக்கக் கடக்க ஒன்றரை நிமிஷம் ஆகும். அந்த ஒன்றரை நிமிஷத்தைத்தான் ஐம்பது நிமிஷமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

மதினிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

"இந்தா பாருங்க. இன்னைக்கு மூணு உருப்படிதான். நீங்க, நானு, பின்னாடி இந்தத் தம்பி. மூணு ஆடு கடக்க எடம் பாருங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். மூன்று ஆட்டுக்கு ரோடு முழுக்க இடம் கிடந்தது. என்னையும் பழத்தையும் தேங்காயையும் மறுபடி உள்ளே திணித்தார்கள். ஒரு டேங்கர் கடந்தது. அண்ணாச்சி அழுத்தினார்.

சத்தமே இல்லை. முதுகு சீட்டில் ஒட்டியது. அவ்வளவுதான். நாற்பது, ஐம்பத்தைந்து, எழுபது. கண்ணாடியில், பின்னால் வந்த லாரி முதலில் தெரிந்த அளவிலேயே இருந்தது.

"எண்பது," என்றார் அண்ணாச்சி, யாரோ தன்னைத் திட்டியதைச் சொல்வதுபோல. "ஏறிட்டமே பெத்தம்மா."

"ரேணுகா கிளாசு மூணும் நம்மகிட்ட இருக்கு," என்றாள் மதினி.

பத்து பத்துக்குக் கோயில் தெரிந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம். நடுவிலிருந்த இடைவெளியில் வண்டியைத் திருப்பி, எதிர்த் திசையில் வருகிற வண்டிகளைக் குறுக்கே கடந்துதான் போகவேண்டும். அண்ணாச்சி இந்தப் பக்கம் மண் ஓரத்திலேயே நிறுத்தினார். கழுத்து திரும்பியது. உதடு அசைந்தது.

"மூணு உருப்படிங்க," என்றாள் மதினி.

"இது கடக்குததுல்லா. ஏறுதது வேற, கடக்குதது வேற."

சாவியை எடுத்தார். இறங்கினார். பழத்தட்டைத் தலையில் வைத்துக்கொண்டார். மதினி பாவாடையோடும் நான் தேங்காய்களோடும் பின்னால் நின்றோம். இரண்டு பஸ், ஒரு கார். நாக்கை மடித்து ஒரு விசில் அடித்தார். என் கால்கள் என்னைக் கேட்காமலே நடந்தன. நான்கு தடத்தையும் யாரும் ஓடாமல், ஒரு ஹாரன்கூட வாங்காமல் கடந்தோம்.

காசிராஜன் சம்மணத்தில் இருந்தார். காவியா அவர் மடியில் பாதி ஏறியிருந்தாள். அண்ணாச்சி பக்கத்தில் போய் உட்கார்ந்து பிள்ளையை நகர்த்தித் தன் மடியில் வைத்தார். ஆசாரி முதல் காதைக் குத்தினார். பிள்ளை அலறியது.

"வண்டி எங்கண்ணே?" என்றார் காசிராஜன்.

"அந்தப் பக்கம் நிக்கி."

"நடந்தா வந்தீய? அப்ப பிக்கப் இல்லேன்னு ஒத்துக்கிடுதியா?"

"எண்பதுல வந்தேன்டே."

"பின்ன ஏன் ரோட்டைக் கடக்கல?"

"கடக்க அதுக்குத் தெரியாதுல்லா."

காசிராஜன் கழுத்தை எக்கி ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற காரைப் பார்த்தார். ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணன் தம்பி பேச்சு முடியட்டும் என்று காத்திருந்தார்.

"ராகுகாலத்துக்கு இன்னும் மூணு நிமிஷந்தான்," என்றாள் மதினி. "அவிய பேசிட்டு இருக்கட்டும். நீங்க அந்தக் காதையும் குத்துங்க ஆசாரி."