தொட்டிலருகே இரும்பு

மகள் பிறந்து வீட்டுக்கு வந்ததும், எங்கள் ஊர் வழக்கப்படி, அவள் தூக்கத்தில் திடுக்கிடாமலிருக்கப் பழம் வெட்டும் கத்தியை மெத்தைக்கடியில் வைத்தேன். குழந்தையைப் பார்க்க வந்த அரசாங்கத் தாதி மெத்தையைச் சரிசெய்தபோது அது தரையில் விழுந்தது. இரும்பு பக்கத்தில் இருந்தால் பிள்ளை பயப்படாது என்று சொல்ல நினைத்தேன். படித்த பிரெஞ்சு எதுவும் வாயில் வரவில்லை. அவர் கத்தியை அலமாரிமேல் வைத்துவிட்டு, அடுத்த மாதமும் வருவதாகச் சொன்னார். கத்தி வைத்ததற்காகப் பிள்ளையை அரசாங்கம் எடுத்துக்கொண்டு போய்விடுமோ என்ற பயம் அன்றைக்கே தொடங்கியது.

கணவர் ரூ காய் என்ற தெருவில் உணவகமொன்றில் சமையல்காரர். பகலில் வீட்டில் நானும் மகளும்தான். கத்தியை எடுத்த பிறகு அவள் கைகளை அடிக்கடி உதறுவதுபோல் இருந்தது. எல்லாக் குழந்தைகளும் அப்படித்தான் என்று வாசித்திருந்தேன். ஆனாலும் மனம் கேட்கவில்லை.

அந்தத் தெரு இருக்கும் லா சப்பல் பகுதியில் ஒரு மண்டபத்தில் ஐரோப்பியரின் பழங்கால இடுப்புக் கத்தியும் உறையும் செய்யப் பழக்கினார்கள். கணவரின் ஓய்வுநாளில் போகக் கேட்டேன்.

"குசினியில இருக்கிற கத்தி காணாதோ உமக்கு?"

"அதுக்கு உறை இல்லையே. உறைக்குள்ள இருந்தா அந்தத் தாதி பயப்பிடமாட்டா."

"கத்தி செய்யிற தாயெண்டா இன்னும் பயப்பிடுவா."

ஆனாலும் போகவிட்டார். அங்கே எல்லோரும் சோடியாக வந்திருந்தார்கள். நான் தனியே மூலையில் நின்று தகட்டை அராவினேன், மரப்பிடி பொருத்தினேன். ஈரம் படாமல் கத்தியைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, நனைத்த தோலை அதன்மேல் அழுத்தி, இரண்டு ஊசிகளால் தைத்தேன். பால் கட்டி நெஞ்சு வலித்தது. அவள் அழுகிறாளோ என்று தொலைபேசியைப் பார்த்தபடியே இருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறை மாட்டுத்தோல் என்று யோசித்தேன். பிள்ளையின் தலைமாட்டில் வைக்கலாமா?

"உம்மட சப்பாத்து என்ன, வாழைநாரோ?" என்றார் கணவர்.

கடைசியில் தொட்டிலுக்கு எட்டாத சுவரில் ஆணியடித்து மாட்டினேன்.

தாதி வந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தார். இரும்பைப் பற்றி ஒத்திகை பார்த்து வைத்திருந்த பிரெஞ்சு வாக்கியங்களைத் தவறில்லாமல் சொன்னேன். அவர் உறையைத் தடவிப் பார்த்தார். அங்கே இருப்பதில் பிரச்சினையில்லை என்றார். பிறகு மேலங்கியைக் கழற்றி உட்கார்ந்து, பகலில் உங்களுடன் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்.

அதற்கு நான் எதையும் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. பிள்ளையைக் காட்டினேன்.