பப்பில் நடந்த மாப்பிள்ளை விசாரணை

அடையாறு ஹோட்டல் ஒன்றின் பப்பில் சனிக்கிழமை சாயங்காலம் பாடுகிறேன். பிழைப்புதான், கலை என்று யாராவது சொன்னால் நானே சிரித்துவிடுவேன். மெலடி பாடினால் ஆள் பில் கேட்பான், காதல் தோல்வி பாடினால் இன்னொரு ரவுண்டு கேட்பான் என்பது எங்கள் மேனேஜரின் சாஸ்திரம். அதனால் வாரம் தவறாமல் காதலில் தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

மந்தைவெளியில் என் அப்பா இதை ‘ஹோட்டல்ல கச்சேரி’ என்றுதான் சொல்லிவந்தார். நங்கநல்லூருக்குப் பெண் பார்க்கப் போனபோதும் அதையே பெருமையாகச் சொன்னார். அந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று, அவளுக்கும் என்னை. அவள் அப்பா சரி என்றால் நிச்சயதார்த்தம். பையனைப் பற்றி நாலு இடத்தில் விசாரிப்பது வழக்கம்தானே? மனிதர் விசாரிக்க நேரே பப்புக்கே வந்துவிட்டார், நெற்றியில் விபூதியோடு.

அவசரமாக ஒரு பக்திப் பாட்டை ஆரம்பித்தேன்.

“மச்சி, இன்னா இது, கோயில்லயா குந்திக்கினு கீறோம்?” என்று பின்மேஜையில் ஒருவன் கேட்டான்.

மேனேஜர் முறைத்தார். நானா விடுவேன், அடுத்த பக்திப் பாட்டுக்குத் தாவினேன். அதைக் கையைத் தூக்கி நிறுத்தியது யார் என்கிறீர்கள்? சாட்சாத் என் வருங்கால மாமனார்தான். அதற்குள் இரண்டு பெக் உள்ளே போயிருந்தது. அவருக்குக் காதல் தோல்விப் பாட்டு வேண்டுமாம்.

பாடினேன். மனிதர் தேம்பித் தேம்பி அழுதார். யாருக்காக என்று தெரியவில்லை; மாமிக்காக இல்லை என்று மட்டும் தெரிந்தது. அடுத்த குத்துப்பாட்டுக்கு எழுந்து ஆடினார், விசில் அடித்தார். கடைசியில் என்னை இறுகக் கட்டிக்கொண்டு, “மாப்ளே, தெய்வீகம்” என்றார். வீடு போய்ச் சேரும் வரை எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் காலை அப்பாவுக்கு போன் வந்தது.

“பையன் தங்கம்தான். ஆனா குடிக்கற எடத்துல பாடறவருக்கு எப்படிப் பொண்ணைக் குடுக்கறது, நீங்களே சொல்லுங்கோ.”

அடப்பாவி மனுஷா!

அடுத்த சனிக்கிழமை முன்மேஜையில் அவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்து, “தம்பி, அந்தக் காதல் தோல்வி” என்றார். பாடினேன். இந்தத் தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டது நான்தான். மனிதர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.