வளைவில் நின்ற காற்று

கட்டுக்கம்பியைப் பல்லில் கவ்விக்கொண்டுதான் வாட்டர் அக்கா காரின் பானட்டுக்குள் தலையை விடுவார். எந்தக் குழாயையும் வெட்டுவதற்கு முன்னால், தண்ணீர் போக வேண்டிய வழியெல்லாம் அந்தக் கம்பியை வளைத்து வைத்துப் பார்த்தாக வேண்டும். பேட்டரிக்குப் பின்னால் நுழைத்து, வயர் கட்டுக்கு அடியில் இழுத்து, இன்ஜினின் தோளை ஒட்டி மேலே ஏற்றுவார். புகை வெளியேறும் சூடான பாகத்தின் பக்கம் கம்பி நெருங்கிவிட்டால், "ச்சூ, அந்தப் பக்கம் உனக்கென்ன வேலை" என்று பூனையை விரட்டுகிற தொனியில் ஓர் அதட்டல். நடுவில் இரண்டு விரல் இடைவெளி வேண்டும் என்பது அவர் கணக்கு. "யாரு விரல்?" என்று பட்டறையின் பெயின்டர் ஒருமுறை வம்புக்குக் கேட்டார். "என் விரல்தான். உன்னோடது விரலா? தீக்குச்சி."

அடுத்து ரப்பர் குழாயைக் கடிப்பார். புதுச் சுருளிலிருந்து ஒரு துண்டை அறுத்து, கடைவாயில் வைத்து அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பார். "கடிச்சா பல்லைத் திருப்பித் தள்ளணும். அப்பதான் அது ரப்பரு. இது சும்மா மிட்டாய்." கடைக்காரர்கள் அவருக்கு மட்டமான சரக்கைக் காட்டுவதே இல்லை. கடித்த தடத்தோடு திரும்பி வந்துவிடும் என்று தெரியும்.

வயது ஐம்பதை எட்டிக்கொண்டிருக்கிறது. குட்டையான உருவம், தடித்த மணிக்கட்டு. தலையில் இறுக்கிக் கட்டிய துணி, அதன் மேல் நெற்றி விளக்கு. பகலிலும் அந்த விளக்கு எரியும். அணைக்க மறந்து சாப்பிட உட்காருவார், எதிரே இருப்பவர் கண் கூசச் சாப்பிடுவார். டீயை ஆறவைத்துத்தான் குடிப்பார். "நாள் பூரா சூட்டோட மல்லுக்கட்டுறேன், அதை வயித்துக்குள்ள வேற ஊத்தணுமா?"

இந்தத் தொழிலுக்கு அவர் கார் வழியாக வரவில்லை. ஒரு பெரிய சலவை நிறுவனத்தின் பாய்லர் அறையில் பல வருஷம் குழாய் வேலை பார்த்தவர். அந்த நிறுவனம் மூடப்பட்ட பிறகு, கார்களுக்குக் கூடுதல் வேகம் ஏற்றித் தரும் இந்தப் பட்டறைக்கு வந்தார். வேலை கேட்டு வந்தபோது, பெண்பிள்ளைக்கு இங்கே என்ன வேலை என்று முதலாளி நினைத்ததாகவும், பெருக்கத்தான் வந்திருக்கிறார் என்று பெயின்டர் துடைப்பத்தை எடுத்துக் கொடுத்ததாகவும் சொல்வார்கள். அக்கா அதை வாங்கி, ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, கசிந்துகொண்டிருந்த ஒரு ரேடியேட்டரின் முன் உட்கார்ந்தாராம். அன்றிலிருந்து தண்ணீர் சம்பந்தப்பட்டதெல்லாம் அவர் பாடு. பட்டம் தானாக ஒட்டிக்கொண்டது.

பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஆசையோடு வருகிறார்கள். கார் வந்தபடி ஓடினால் போதாது, டர்போ வைத்துப் பறக்க வேண்டும். டர்போ என்பது இன்ஜினின் புகையாலேயே சுழலும் ஒரு சிறு சக்கரம். அது காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கும். அடுப்புக் கங்கு மாதிரி பழுக்கக் காய்ந்து நிற்கும். நடுவில் ஓர் அச்சு, அச்சைச் சுற்றி எண்ணெய், எண்ணெயைச் சுற்றித் தண்ணீர். இதில் ஒரு சிக்கல் உண்டு. அக்கா அதைச் சொல்லும்போது யாரோ கைவிடப்பட்ட சொந்தக்காரரைப் பற்றிப் பேசுகிறார் என்றே தோன்றும்: "சாவியைத் திருப்பி இன்ஜினை அணைச்சிட்டு எல்லாரும் எறங்கிப் போயிடுறாங்க. பம்பும் தூங்கிடுது. டர்போ மட்டும் உள்ள தனியா வெந்துக்கிட்டு கெடக்கு. அப்ப யாரும் தள்ளாமலே தண்ணி தானா நகரணும்."

தானாக நகர வழி ஒன்றுதான். சூடான தண்ணீர் மேலே போகும், ஆறியது கீழே இறங்கும். டர்போவின் வாயிலிருந்து புறப்படும் குழாய் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போய் மேலே உள்ள தொட்டியில் சேர வேண்டும். நடுவில் ஒரு மேடு ஏறி இறங்கினால் காற்று அந்த மேட்டில் போய்க் குந்திக்கொள்ளும். தண்ணீர் நிற்கும். எண்ணெய் கருகி அச்சில் அப்பும்.

இது அக்காவுக்கு மனப்பாடம். அப்படிப்பட்டவர்தான் ஒரு நீலக் காரில் மேடு வைத்தார்.

முதலாளி கேட்டது அது. அந்தக் காரைக் கண்காட்சியில் நிறுத்தப் போகிறார்கள், பானட்டைத் திறந்தால் பார்த்தவன் வாயைப் பிளக்க வேண்டும். "அக்கா, ரப்பர் வேணாம். பளபளன்னு உலோகக் குழாய், இன்ஜின் மேலேயே வில்லு மாதிரி போகட்டும்." அழகாக ஏதாவது செய்யச் சொல்லி அக்காவை யாரும் கேட்டதில்லை. வாழ்நாளெல்லாம் மறைவில் கிடக்கும் குழாய்களோடு கழித்தவர். மணலை அடைத்துச் சூடுகாட்டி வளைத்து, துணியால் தேய்த்துத் தேய்த்து, முகம் தெரிகிற அளவுக்கு மெருகேற்றினார். பம்பு ஓடும்போது தண்ணீர் எந்த மேட்டையும் தாண்டிவிடும், பரவாயில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அணைத்த பிறகு என்ன ஆகும் என்ற கேள்வியை எல்லோரிடமும் கேட்கிறவர், தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. யாராவது அந்தக் குழாயில் கை ஊன்றினால் ஈரத்துணியோடு ஓடி வந்துவிடுவார்.

கொஞ்ச நாளிலேயே டர்போ இறுகிப்போனது. வேறொன்று மாட்டினார்கள். அதுவும் போனது. "எண்ணெய் லைன்ல குப்பை" என்றார் அக்கா. கழற்றிப் பார்த்தால் எண்ணெய் லைன் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது.

அப்போதுதான் பெயின்டர் காரணத்தைக் கண்டுபிடித்தார்.

அந்தக் காரின் புகைப்பாகத்தைப் பற்றவைத்தவர் வெல்டர். நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். அவர் வேலைக்குச் சேர்ந்த அன்றுதான் வண்டி தூக்கும் மேடை சரிந்ததாம். அவர் மனைவி இறந்ததும் கல்யாணமான மறுவருஷமாம். பெயின்டர் இரண்டையும் ஒரு முடிச்சாகப் போட்டார். "அவன் கைராசி அப்படி. அவன் தொட்டது விளங்காது." மேடை சரிந்ததற்குத் துருப்பிடித்த பூட்டு காரணம். மனைவி இறந்ததற்கு மஞ்சள்காமாலை காரணம். பூட்டும் நோயும் விடுதலையாகிவிட்டன, தண்டனை அந்தக் கைகளுக்கு வந்தது. ஒரு குழாயின் மேல் குற்றம் சாட்டக் கழற்றிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மனிதனின் மேல் சாட்ட எதையும் கழற்ற வேண்டியதில்லை, நாலு பேர் தலையாட்டினால் போதும்.

தலையாட்டினார்கள். நீலக் காரின் பக்கம் வெல்டர் வரக்கூடாது என்றார் முதலாளி. மாதக் கடைசியோடு வேறிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். இதில் அக்காவுக்கு எரிச்சல் மூட்டியது வேறொன்று. வெல்டரே அதை நம்பத் தொடங்கியிருந்தார். ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கச் சொன்னால், கையில் தராமல் தரையில் வைத்துத் தள்ளிவிட்டார்.

"ஏப்பா, அது என்ன ஸ்பேனரா பாம்பா?"

"எதுக்கு அக்கா வம்பு. நீங்களாவது நல்லா இருங்க."

மூன்றாவது டர்போ மாட்டிய மத்தியானம், சோதனைக்காகக் கொஞ்ச நேரம் ஓட்டி அணைத்தார்கள். மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். அக்கா தன் செல்லக் குழாயில் விரல் தடம் படிந்திருந்ததைத் துடைக்கத் துணியோடு வந்தார். டர்போவின் பக்கம் துணியைத் தாண்டிச் சுட்டது. மேட்டைக் கடந்து மறுபக்கம் கை போனது. ஆறிய டீயின் சூடுகூட அங்கே இல்லை. அக்கா அந்த இடத்திலேயே நின்றார். குழாயில் அவர் முகம் நீளமாகத் தெரிந்தது. நெற்றி விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் கணவரிடம் சொன்னார். கணவர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குபவர், வாயாடி.

"மெருகு போட்டு போட்டோ எல்லாம் எடுத்துக் காட்டினியே, அந்தக் குழாயா?"

"அதேதான்."

"நான் தினம் மேல போயிட்டுக் கீழ வர்றவன், எனக்கே ஒன்னும் ஆகல. தண்ணி ஒரு தடவை மேல போயிட்டுக் கீழ வந்தா செத்துப்போயிடுமா?"

"சிரிக்காதீங்க."

கணவர் சிரிப்பை நிறுத்தினார். "சத்தம் போடாம வழியை மாத்திடு. இன்னும் நல்லா பண்றேன்னு சொல்லிடு. யார் கேக்கப் போறா?"

"டர்போ பொழைச்சுக்கும். அவன்?"

"அவனுக்கு நீ என்ன அக்காவா தங்கச்சியா?"

"அவனைத் தொரத்திட்டு டர்போ நல்லா ஓடுச்சுன்னா என்ன சொல்லுவாங்க? பாத்தியா, அவன் போனான், வண்டி சரியாச்சுன்னு சொல்லுவாங்க. என் குழாய் அவன் தலையில ஏறி உக்காந்துடும்ங்க."

கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டு, "அப்ப உன்னைத்தான் கிழிப்பாங்க" என்றார்.

"கிழிக்கட்டும். தைச்சுக்கலாம்."

மறுநாள் காலையில் மெருகுக் குழாயைக் கழற்றிக் கீழே வைத்தார். அதே வளைவில், அதே உயரத்தில், உள்ளே இருப்பது வெளியே தெரிகிற சிலிக்கோன் குழாயைக் கட்டினார். முதலாளியையும் பெயின்டரையும் கூப்பிட்டார். வெல்டரைக் கூப்பிட்டபோது அவர் தன் மேசையை விட்டு நகரவில்லை. "அங்கேருந்தே பாரு, கண்ணு தொட்டா ஒன்னும் ஆகாது" என்றார் அக்கா.

இன்ஜின் ஓடியது. குளிர்விக்கும் திரவம் கலந்த பச்சை நிறத் தண்ணீர் வில்லைத் தாண்டிப் பாய்ந்தது. "நல்லாத்தானே போகுது?" என்றார் முதலாளி. அக்கா சாவியைத் திருப்பி அணைத்தார். ஓட்டம் நின்றது. வில்லின் உச்சியில் குட்டிக் குட்டிக் குமிழிகள் ஒன்றுகூடி, விரல் நீளத்துக்கு ஒரு காற்றுப்பை ஆனது. டர்போவின் பக்கம் தண்ணீர் களக் களக் என்று கொதித்து மேலேறப் பார்த்து, முடியாமல் இறங்கியது. ஒவ்வொரு கொதிப்புக்கும் காற்றுப்பை நீண்டது. மறுபக்கம் தண்ணீர் அசையாமல் நின்றது.

"தெரியுதா? இதுதான் உன் கைராசி" என்று பெயின்டரிடம் காட்டினார். "வெறும் காத்து."

பிறகு குழாயை வில்லாக நிறுத்தியிருந்த கட்டை அவிழ்த்து, குழாயைக் கையுறையோடு பிடித்து, மேடு இல்லாமல் தொட்டியை நோக்கிச் சரிவாக ஏந்தினார். காற்று வழுக்கிக்கொண்டு மேலே ஓடி, தொட்டியில் பொளக் என்று வெடித்தது. பின்னாலேயே தண்ணீர் கிளம்பியது. இன்ஜின் செத்துக் கிடக்கிறது, பம்பு நின்றிருக்கிறது. ஆனாலும் தண்ணீர் சின்னச் சின்னக் குமிழிகளைச் சுமந்துகொண்டு மெதுவாக ஏறிக்கொண்டே இருந்தது.

முதலாளி தரையில் கிடந்த மெருகுக் குழாயைப் பார்த்தார். "அப்ப இதை இப்படி வளைச்சது..."

"நான்தான். நீங்க கேட்டீங்க, முடியாதுன்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லல. அழகா இருந்துச்சு, எனக்கும் ஆசை." அக்காவின் குரல் விலைப்பட்டியல் வாசிப்பதுபோல இருந்தது. "ராசி கெட்ட கைன்னு யாரையாவது சொல்லணும்னா, தம்பி, இந்தாங்க, ரெண்டு இருக்கு. சொல்லுங்க."

அந்தப் பழியை முதலாளி அக்காவின் மேல் போடவில்லை. வாட்டர் அக்காவை அனுப்பிவிட்டால் தண்ணீர் வேலைக்கு ஆளில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். சரி, வெல்டர் இருக்கட்டும் என்று முனகிவிட்டு அலுவலக அறைக்குப் போனார். பெயின்டர் மட்டும் தொட்டியை எட்டிப் பார்த்து, "இருந்தாலும் அந்த மேடை சரிஞ்சது..." என்று ஆரம்பித்தார். "பூட்டு!" என்று அக்கா போட்ட சத்தத்தில் கையிலிருந்த பிரஷ்ஷை நழுவவிட்டார்.

அன்று முழுக்க அக்கா புதுவழி போட்டார். டர்போவைத் தன் இருப்பிடத்திலேயே சற்றுத் திருப்பி, தண்ணீர் நுழையும் வாயைக் கீழேயும் வெளியேறும் வாயை மேலேயும் கொண்டுவந்தார். பழைய வாஷர்களைத் தூக்கி எறிந்து புதுச் செம்பு வாஷர் போட்டார். தடித்த கறுப்புக் குழாய், பார்க்க ஒன்றும் இல்லை. தொட்டியை இன்னும் கொஞ்சம் உயர்த்த ஒரு தாங்கி வேண்டியிருந்தது. அதை வெல்டர் தன் மேசையிலேயே பற்றவைத்தார். காரின் அருகே வராமல், அக்கா கத்திச் சொன்ன அளவை வைத்து அறுத்து, பற்றவைத்து, ஆறவைத்து, தரையில் வைத்துத் தள்ளிவிட்டார். ஒருமுறைகூடத் தேய்க்க வேண்டியிராமல் அது உட்கார்ந்தது.

எல்லாம் முடிந்து இன்ஜினை முதல்முறை கிளப்பும் நேரம் வந்தது. முதலாளி வெளியே வந்து நின்றார். ஒரு கணம் தயங்கி, குரலைத் தாழ்த்தி, நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்ற முகத்தோடு சொன்னார்:

"அக்கா, எல்லாம் சரி. நான் நம்பல, ஆனாலும் மொத ஸ்டார்ட் இல்லையா... அவரு கொஞ்சம் தள்ளியே நிக்கட்டுமே."

வெல்டர் ஏற்கெனவே தள்ளித்தான் நின்றிருந்தார். இன்னும் இரண்டடி பின்னால் போனார்.

வாட்டர் அக்கா பானட்டுக்குள் குனிந்திருந்தார். தொட்டியின் மூடியைத் திறந்து, நெற்றி விளக்கு வெளிச்சத்தில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. பையிலிருந்து கார் சாவியை எடுத்து, திரும்பாமலேயே, வெல்டர் நின்ற பக்கமாக முதுகுக்குப் பின்னால் நீட்டினார். வெல்டர் கைகளைச் சட்டையில் ஒருமுறை துடைத்து, போதாமல் இன்னொரு முறை துடைத்து, நடந்து வந்து அதை வாங்குகிற வரைக்கும் அந்தக் கை இறங்கவே இல்லை.