அப்புவின் நெஞ்சில் இரண்டு கால்கள்

என் வீட்டுச் சுவரில் என் தகப்பனின், அப்புவின், படம் ஒன்று தொங்குகிறது. அவருக்கு இருக்கிற ஒரே படம் அதுதான். மேலில் சட்டை இல்லை. தோளில் கிடக்க வேண்டிய துவாய் இடுப்பில் கட்டியிருக்கிறது. நெஞ்சின் இரண்டு பக்கமும் இரண்டு சின்னக் கால்கள் தொங்குகின்றன. வெள்ளைக் காலுறை, வார் வைத்த சப்பாத்து. அந்தக் கால்களின் கணுக்காலை அப்பு இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். அப்படி அவர் சிரித்து நான் என் கண்ணால் கண்டதில்லை. அந்தக் கால்கள் என்னுடையவை அல்ல. நான் அந்த வயதில் சப்பாத்துப் போட்டதும் இல்லை, அந்தத் தோளில் ஏறினதும் இல்லை.

அவை சின்ன நயினாரின் கால்கள். அவனுடைய குடும்பம் எங்கள் ஊரில் காணி பூமி வைத்திருந்த குடும்பம். நாங்கள் அவர்களுடைய அடிமை குடிமை. அடிமைச் சட்டத்தை வெள்ளைக்காரன் எப்பவோ எடுத்துவிட்டான் என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன். எங்கள் ஊரில் அதை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பெரிய நயினார் செத்த பிறகு அவருடைய பிள்ளைகள் முற்றத்தில் இருந்து முதுசம் பிரித்தார்கள். வயல், தோட்டம், பனங்காணி, கிணற்றில் பங்கு. எல்லாம் பிரித்து முடித்த பிறகு எங்களைப் பிரித்தார்கள். அப்பு அப்போது சிறுபிள்ளை. அவர் இரண்டாவது மகனின் பங்கில் போனார். அவருடைய அக்கா, பெரிய நயினாரின் மகளின் சீதனத்தோடு வேறு ஊருக்குப் போனா. அதற்குப் பிறகு அந்த வீட்டுக் கலியாணங்களில், இரண்டு பேரும் தண்ணீர்க் குடம் சுமந்துகொண்டு எதிரெதிரே போகும்போதுதான் ஒருவரையொருவர் கண்டார்களாம். அந்த இரண்டாவது மகனின் பிள்ளைதான் சின்ன நயினார். அப்படித்தான் அப்பு அவனுக்கு வந்து சேர்ந்தார். எனக்கு வரவில்லை. விடியமுன் அந்த வீட்டுக்குப் போவார், நாங்கள் படுத்த பிறகு வருவார். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று அவருக்கு இருந்ததாக எனக்கு நினைவில்லை.

எண்பதுகளில் நான் சுவிசுக்கு வந்து அசூல், அகதித் தஞ்சம், கேட்டேன். ஷ்லீரன் என்ற ஊரில் ஒரு பழைய கட்டடத்தில் அறை கிடைத்தது, தொழிற்சாலை கூட்டித் துடைக்கிற வேலையும் கிடைத்தது. சில மாதம் கழித்துப் பக்கத்துக் கட்டிலுக்கு ஒருவன் பெட்டியோடு வந்து நின்றான். சின்ன நயினார். ஊரில் அவன் நடந்த ஒழுங்கையில் நான் வேலியோரம் ஒதுங்கி நின்றவன். இங்கே அவனும் நானும் ஒரே வாளியில் துணி பிழிந்தோம். அது எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். நயினார் என்று நான் கூப்பிடவில்லை. சமமானவனைப்போல நீர் என்றேன்.

அவன் கெட்டவனும் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். வேலை முடிந்து வந்து தேத்தண்ணியோடு குந்தினால் அப்புவைப் பற்றித்தான் கதைப்பான். "அவன் எனக்குப் பட்டம் கட்டித் தருவான். அதிலை கட்டின விண் கூவுறது மூண்டு ஊருக்குக் கேக்கும். அவனைப்போல ஒருத்தனும் கட்ட மாட்டான்" என்பான். அன்பாகத்தான் சொல்வான், கண்ணும் கலங்கும். வாயில் மட்டும் அவன், இவன். "அவர் எண்டு சொல்லும்" என்று ஒருநாள் சொன்னேன். திடுக்கிட்டுப்போனான். பிறகு கவனமாக அவர் என்றான். ஆனால் கதையை நிறுத்தவில்லை. அப்பு பட்டம் கட்டுவார் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. மன்னார்ப் பக்கத்து அண்ணை ஒருவர் எங்களோடு இருந்தார். ஒருநாள் அவர் சிரித்தார். "என்னடாப்பா, ஒரு தேப்பன்ரை ரெண்டு பிள்ளையள் மாதிரி நிண்டு கொழுவுறியள்? ஆர் மூத்தவன், ஆர் இளையவன்?" நான் கையிலிருந்த கோப்பையைத் தொட்டியில் போட்டு உடைத்தேன்.

அப்பு காய்ச்சலில் செத்துப்போனார் என்று ஊரில் இருந்து செய்தி வந்தபோது எரித்தும் முடிந்துவிட்டது. நான் ஒரே ஆண் பிள்ளை. கொள்ளி வைக்கவில்லை. எட்டுச் செலவாவது இங்கே செய்யவேண்டும் என்று நின்றேன். செத்தவருக்கு விருப்பமானதையெல்லாம் சமைத்து, படத்துக்கு முன்னால் படைக்கிற நாள் அது. அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்புவுக்கு என்ன விருப்பம் என்று எனக்குத் தெரியாது. அவர் சாப்பிட்டது அந்த வீட்டுக் கோடிப்புறத்தில். என்னிடம் படமும் இல்லை.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவனிடம் போய் நின்றேன். "அப்புவுக்கு என்ன விருப்பம்?" என்று கேட்டேன். என் தகப்பனைப் பற்றி அவனிடம் கேட்டேன்.

அவன் யோசிக்கவே இல்லை. "மோல்ட்டுப் பால். எனக்கு அது பிடிக்காது. அம்மா காணாமல் அவரின்ரை சிரட்டைக்குள்ளை ஊத்திவிடுவன். கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார். பிறகு ஊறின ஒடியல் கூழ், நல்லாய் நண்டு போட்டு."

பாலில் கரைக்கிற அந்த மோல்ட்டு மா இந்த நாட்டில் எந்தக் கடைத் தட்டிலும் இருக்கிறது. அதைக் கடந்துதான் நான் தினமும் பாண் வாங்கப் போனேன்.

அவன் பெட்டியைத் திறந்து அந்தப் படத்தை எடுத்தான். படத்தில் அவன் அப்புவின் தோளில் இருந்தான். உயிரோடு இருக்கிறவனின் உருவத்தைப் படையலில் வைக்கக்கூடாது. அவனே சமையலறைக் கத்தரிக்கோலை எடுத்தான். தன் தலையை, உடம்பை, அப்புவின் தலைமுடியோரமாக மெல்ல வெட்டி எடுத்தான். கால்களை வெட்ட முடியவில்லை. வெட்டினால் அப்புவின் நெஞ்சு போய்விடும். "இவ்வளவுதான் ஏலும்" என்று நீட்டினான். அவனிடமும் அந்த ஒரு படம்தான் இருந்தது. நன்றி சொல்லவேண்டிய இடம் அது. எனக்கு வயிறுதான் எரிந்தது. வெட்டிக் கொடுக்கவும் அவனிடம் அப்பு இருந்தார்.

படத்தை வைத்து, சோறும் கறியும் படைத்தேன். கூழுக்குப் பனங்கிழங்கு ஒடியல் மா கிடைக்கவில்லை. பாலைக் கரைத்துக் கொண்டு வந்தபோது அவன் குளித்து, வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் நின்றான். "பாலை மட்டும் நான் வைக்கட்டோ?" என்றான். ஊரில் அவனுடைய ஆட்கள் எங்களிடம் எதையும் கேட்டு நான் கண்டதில்லை.

"இல்லை," என்றேன். "மகன்தான் வைக்கிறது."

"ஓம்," என்றான். வாசலிலேயே நின்று கும்பிட்டான். பால் ஆறி ஆடை கட்டும்வரை நின்றான். அவன் அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. அழுவதற்கு எனக்கு அவரைப் போதுமான அளவு தெரியாது.

சரியாகத்தான் செய்தேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அவனுடைய பாட்டன் வயலை எடுத்தான், வீட்டை எடுத்தான், ஆட்களையும் எடுத்தான். ஒரு கோப்பைப் பாலையாவது நான் விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு அவன் பாடன் நகரத்துக்கு வேலை மாறிப் போனான். அவனை நான் தேடவில்லை.

என் மகள் இங்கே பிறந்தவள், கணினியில் படம் திருத்துகிற வேலை செய்கிறாள். போன மாதம் எனக்குத் தெரியாமல் அப்புவின் படத்தைத் திருத்தி, பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கொண்டு வந்தாள். கால்களை எடுத்துவிட்டாள். அவை இருந்த இடத்தில் அப்புவின் நெஞ்சு, உண்மையான நெஞ்சு போலவே இருந்தது. "இப்ப வடிவாய் இருக்கோ அப்பா?"

நெடுநேரம் பார்த்தேன். அப்பு சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு கைகளும் நெஞ்சுக்கு முன்னால் வெறும் காற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன.

"பழசையே சுவரிலை கொளுவு" என்றேன்.

"ஏனப்பா? உங்களுக்குத்தானே அந்தக் கால் பிடிக்காது?"

"பிடிக்காது," என்றேன். "அவருக்குப் பிடிச்சிருக்கு."