சோலைமுத்து ஓட்டாத வண்டிகள்

சோலைமுத்து அண்ணனைக் கொடைக்கானல் கோர்ட்டில் ஆறு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆறும் ஒரே குற்றம், இன்ஷூரன்ஸ் இல்லாத காரை ஓட்டியது. அதில் ஐந்து தடவை அவர் அந்தக் காரில் உட்காரக்கூட இல்லை. ஆறாவது தடவை அவருடன் நானும் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். போகாமல் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வயிறு எரிந்திருக்காது.

எனக்கு அட்டுவம்பட்டியில் பங்ச்சர் கடை. என் கடைக்கு எதிரே, ரோட்டுக்கு மேலே பிரசாந்தின் ஹோம்ஸ்டே. மூன்று காட்டேஜ், நான்கு கார்கள். நான்கும் சொந்த உபயோகத்துக்கு என்று பதிவு செய்த வெள்ளை போர்டு வண்டிகள். நான்கிலும் வாடகைக்கு ஆள் ஏற்றுவான். இன்ஷூரன்ஸ் தேதி முடிந்தால் முடிந்ததுதான், புதுப்பிக்கிற பேச்சே கிடையாது. ஆனால் வாசலில் ஒரு நீரூற்று கட்டி, அதில் இரண்டு பிளாஸ்டிக் கொக்கு நிறுத்தக் காசு இருந்தது. தினமும் கடையைத் திறக்கும்போது அந்தக் கொக்குகள் முகத்தில்தான் விழிப்பேன்.

சோலைமுத்து அங்கே டிரைவர். பேருக்குத்தான் டிரைவர். மலையேறி வரும் விருந்தாளி வளைவில் வாந்தி எடுத்தால் கழுவுவது அவர், காலையில் புல்தரையில் கிடக்கும் பாட்டிலைப் பொறுக்குவது அவர், பிரசாந்தின் நாயைக் குளிப்பாட்டுவதும் அவர்தான். முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. எனக்குத்தான் பார்க்கப் பார்க்கக் குமட்டும்.

அவர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். நடக்கப் பழகிய வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, பிறகு இந்த மலைக்கு மரம் வெட்டும் வேலைக்கு வந்த குடும்பம். தோட்டத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் நினைவில்லை. ஆனால் வேலை கொடுப்பவனைத் துரை என்று கூப்பிடுவது மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. பிரசாந்தின் அப்பா பெரியதொரை. பிரசாந்த், சோலைமுத்துவைவிட இருபது வயது சின்னவன், சின்னதொரை. பிரசாந்தும் அதைக் கேட்டு ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை.

முதல் தடவை நடந்தது இப்படி. பிரசாந்த் நான்கு விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு ஏரிப் பக்கம் போனபோது வண்டியைப் போலீஸ்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். இன்ஷூரன்ஸ் இல்லை. உடனே இங்கே போன் அடித்தான். சோலைமுத்து பைக்கில் போய் நின்றதும், "சார், இவருதான் நம்ம டிரைவர். டீ குடிக்க எறங்குனாரு, அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க" என்றான். கையில் அபராத மெஷினோடு நின்ற போலீஸ்காரர் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். பிறகு சோலைமுத்துவின் லைசென்ஸை வாங்கி நம்பரை அடித்துக்கொண்டார்.

காரணம் என்னவென்றால், பிரசாந்த் கனடா போக விண்ணப்பித்திருந்தான். அவன் பேரில் எந்தக் கேஸும் இருக்கக் கூடாதாம். கோர்ட்டில், "நீங்கதான் ஓட்டினீங்களா?" என்று கேட்டதற்கு சோலைமுத்து ஆமாம் என்றார். அபராதத்தைப் பிரசாந்த் கட்டினான். மேற்கொண்டு அரைநாள் கூலியும் கொடுத்தான். "அரைப்பேரு குடுத்துட்டாரு மணி" என்றார் என்னிடம். அரைநாள் கூலிக்கு அவர்கள் வீட்டுச் சொல் அது.

"நீங்க ஓட்டாத வண்டிக்கு நீங்க ஏண்ணே நிக்கணும்?"

"தொரை கேட்டா இல்லேன்னா சொல்ல முடியும்? சும்மா ஒரு வார்த்தைதானே."

ஒரு வார்த்தை ஐந்து தடவையானது. இரண்டு தடவை பிரசாந்துக்கு, ஒரு தடவை அவன் மச்சானுக்கு, இன்னும் இரண்டு தடவை வேறு காட்டேஜ்காரர்களுக்கு. பிரசாந்தே ஆளை அனுப்பிவைத்தான், ஏணியை இரவல் கொடுப்பதுபோல. கனடா விண்ணப்பம் என்னவானதென்று தெரியவில்லை. ஆள் இங்கேதான் இருந்தான். பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

இதை நிறுத்தியது அவர் மகள் மேனகா. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பேக்கரியில் வேலை பார்க்கிற பெண். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் நியாயமான வாய். அவள்தான் சேமிப்பும் கடனுமாகச் சேர்த்து அப்பாவுக்கு ஒரு பழைய ஆம்னி வாங்கிக் கொடுத்தாள். முறைப்படி மஞ்சள் போர்டு வண்டி. பள்ளங்கியிலிருந்து காளான் பண்ணைக்கு வேலைக்குப் போகும் பெண்களைக் காலையில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவது. நிலையான வேலை. அவளும் லைசென்ஸ் எடுத்துவைத்திருந்தாள், அப்பாவுக்கு உடம்புக்கு முடியாவிட்டால் வண்டி நிற்கக் கூடாதென்று. அண்ணன் ஹோம்ஸ்டே வேலையை விட்டு வரும்போது பிரசாந்த், "போங்க, எத்தன நாளைக்குன்னு பாப்போம்" என்றானாம். அதையும் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னார்.

ஒரு வருடம் நன்றாக ஓடியது. அப்புறம்தான் பள்ளங்கிப் பிரிவில் ஆம்னியை நிறுத்தினார்கள். இன்ஷூரன்ஸ் தேதி முடிந்து ஒரு வாரம். பண்ணையில் மாத வாடகை வந்ததும் கட்டலாம் என்று இருந்திருக்கிறார். தப்புதான். இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஊர் சுற்ற ஓட்டினால் என்ன, பிழைப்புக்கு ஓட்டினால் என்ன, தப்பு தப்புதான். அவரும் அதை மறுக்கவில்லை. மறுநாளே கட்டியும்விட்டார். முதல் தடவைதானே, அபராதத்தோடு போய்விடும் என்று நானும் அவரும் மேனகாவும் கோர்ட்டுக்குப் போனோம். அவர் கணக்குக்கு அது முதல் தடவை. கோர்ட் கணக்கு வேறு என்பது எங்கள் மூன்று பேருக்கும் உறைக்கவேயில்லை. இப்போது நினைத்தால் எங்களையே நாலு அறை விடலாம் போலிருக்கிறது.

மூன்று தடவை பேரைக் கூவினார்கள். அண்ணன் போய்க் கைகட்டி நின்றார். நீதிபதி ஒரு பெண். சத்தம் போடாதவர், ஆனால் காகிதத்தை வாசிக்காமல் ஒரு வார்த்தை பேசாதவர்.

"சோலைமுத்து, இது உங்களுக்கு ஆறாவது தடவை. தெரியுமா?"

அண்ணன் திரும்பி எங்களைப் பார்த்தார்.

"ஒரு ஆளை இடிச்சிருந்தா அந்தக் குடும்பத்துக்கு யார் பதில் சொல்றது? வண்டி நெறைய பொம்பளைங்களை ஏத்திக்கிட்டுப் போறீங்க. அபராதம் கட்டிட்டா முடிஞ்சதுன்னு நினைப்பா? இப்படிப்பட்ட ஆள் கையில லைசென்ஸ் எதுக்கு? ஆறு மாசத்துக்கு அதை முடக்கி வைக்க வேண்டியதுதான்."

"அம்மா, மத்ததெல்லாம் நா ஓட்டலீங்க."

"அஞ்சு தடவை இதே எடத்துல நின்னு ஓட்டினேன்னு சொல்லியிருக்கீங்க. அப்பச் சொன்னது பொய்யா, இப்பச் சொல்றது பொய்யா?"

எதைச் சொன்னாலும் மாட்டிக்கொள்வார். அந்த அம்மாவைக் கோபித்துக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லையே. சாப்பாட்டுக்குப் பிறகு உத்தரவு சொல்வதாகச் சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

வெளியே வந்து சுவரோரம் நின்றோம். லைசென்ஸ் போனால் ஆம்னியை மேனகாதான் ஓட்ட வேண்டும். பேக்கரி வேலையை விட வேண்டும். அதுவும் இல்லையென்றால் அண்ணன் மறுபடி நாய் குளிப்பாட்டப் போக வேண்டியதுதான். "நா ஓட்டுறேம்ப்பா, ஆறு மாசந்தானே" என்றாள் மேனகா. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அப்போதுதான் பிரசாந்த் வந்தான். கையில் தாளில் சுற்றிய பஜ்ஜி. எங்களைத் தேடித்தான் வந்திருக்கிறான். சரி, செய்தி கேட்டு உதவிக்கு வந்திருக்கிறான் என்று ஒரு நிமிடம் நானே நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"கேள்விப்பட்டேண்ணே. கவலைய விடுங்க, இன்னைக்கு அபராதத்த நான் பாத்துக்கறேன்." பஜ்ஜியை மென்றுகொண்டே எண்ணெய்க் கையை அண்ணனின் தோளில் வைத்தான். சலவைச் சட்டையில் விரல் ஐந்தும் பதிந்தது. "ஒரு சின்ன சோலிண்ணே. நேத்து நம்ம வண்டி ஒன்னப் புடிச்சுட்டாங்க, கெஸ்டோட. டிரைவர் இன்னைக்கு வந்து கையெழுத்துப் போடுவாங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். ஒங்க லைசென்ஸ் இனிமே செல்லாது. பாப்பாகிட்ட ஒன்னு இருக்குல்ல?"

அவன் மேனகா பக்கம் திரும்பினான்.

"பொம்பளப் புள்ளன்னா அந்தம்மா கூடத் திட்டாது. பத்து நிமிஷம் நின்னா முடிஞ்சுது. என்ன மேனகா?"

அவன் அதைச் சொன்ன விதம் இன்னும் என் காதில் இருக்கிறது. கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. கடையில் ஒரு ஷாம்பூ பாக்கெட் கேட்கிற மாதிரி கேட்டான். அந்த வீட்டில் மிச்சமிருந்தது அந்த ஒரு லைசென்ஸ்தான் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டான். மனிதன் இவ்வளவு அசிங்கமாக இருக்க முடியும் என்று அன்றுதான் பார்த்தேன்.

மேனகா எதையோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அண்ணன் விலகிப் போய்ச் சாக்கடையோரம் குனிந்து வாந்தி எடுத்தார். எத்தனையோ பேர் வாந்தியை முகம் சுளிக்காமல் கழுவிய மனுஷன். மேனகா ஓடிப்போய் முதுகைத் தடவினாள். "பித்தமாண்ணே? வெறும் வயித்தோட வந்தீங்களா?" என்றான் பிரசாந்த்.

உள்ளே மறுபடி பேர் கூப்பிட்டார்கள். அண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டு போனார். காரியம் முடிந்த மாதிரி நினைத்துக்கொண்டு, அபராதம் கட்டப் பர்ஸோடு பிரசாந்தும் பின்னால் வந்து கடைசி வரிசையில் நின்றான்.

நீதிபதி பேனாவை எடுக்கும்முன் அண்ணன் பேசினார்.

"அம்மா, ஆம்னிய ஓட்டுனது நாந்தான். தப்புத்தான். மத்த அஞ்சும் பொய்யிங்க. நாந்தான் பொய் சொன்னேன். ஓட்டுனவங்க வேற. ரெண்டு தடவ ஓட்டுனது ஹோம்ஸ்டே வச்சிருக்க பிரசாந்துங்க."

"இப்படிச் சொல்றதால உங்க லைசென்ஸ் பொழைக்காது. ஆறு மாசத்துக்கு அது போகத்தான் போகுது. கோர்ட்ல பொய் சொன்னதுக்குத் தனியா ஒரு கேஸும் வரும். புரிஞ்சுதான் பேசுறீங்களா?"

"புரிஞ்சுதாங்கம்மா. வரட்டும்."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "இந்தப் பிரசாந்த் எங்க இருக்கார்?"

அண்ணன் திரும்பிக் கையைக் காட்டினார். எல்லாத் தலையும் கடைசி வரிசைக்குத் திரும்பியது. அங்கே டாக்ஸி ஸ்டாண்டு டிரைவர்கள் எட்டுப் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவனுக்கும் பிரசாந்தைத் தெரியும். சீசனில் அவனிடம் சவாரி வாங்குகிறவர்கள். ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை, எல்லோரும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூ!

"நீங்கதானா?" என்றார் நீதிபதி.

"இல்ல மேடம்," என்றான் பிரசாந்த், கொஞ்சம்கூடத் தடுமாறாமல். "அவரு வெளியில போயிருக்காரு."

எனக்குச் சிரிப்பும் அருவருப்பும் ஒன்றாக வந்தன. அதற்குள் மேனகா எழுந்துவிட்டாள். அண்ணன் அவளைப் பார்த்து உட்காரச் சொல்லிக் கைகாட்டினார். கட்டியிருந்த கையைத் தொங்கவிட்டார். அவர் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதேயில்லை.

"ஏலே பிரசாந்து," என்றார். "ஒம் பேர நீயே சொல்லுலே."

பிரசாந்த் கதவைப் பார்த்தான். அங்கே ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். பர்ஸைப் பையில் வைத்தான், மறுபடி எடுத்தான். பிறகு என்னவோ முனகினான்.

டைப் அடிக்கிறவர் கையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

"கேக்கல," என்றார் நீதிபதி. "முன்னால வந்து சத்தமா சொல்லுங்க."