பிரசார வண்டியில் என் முகம்

குமராட்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறிய ஒரு மழைக்காலத்தில் வாய்க்கால் கரை உடைந்து, தெருவுக்குள் வெள்ளம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு மாடுகளை அவிழ்த்துவிடக் காலையில் போன என் கணவர், மதியம் தாண்டியும் திரும்பவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு தொலைக்காட்சிக்காரர் மைக்கை நீட்டி, "பயிரெல்லாம் போயிடுச்சாம்மா?" என்றார். எனக்கு அழுகைதான் வந்தது. "எங்களக் கேக்க யாருமே இல்லியா?" என்று கத்தினேன்.

சாயங்காலம் என் கணவர் வந்துவிட்டார். மாடுகளோடு மேட்டுப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருந்தாராம். அன்றே என் அழுகை டிவியில் ஓடியது. மறுநாள் படகு வந்தது, சோற்றுப் பொட்டலம் வந்தது, அதிகாரிகள் வந்தார்கள். "ஒன்னாலதான்டி வந்தாங்க" என்று தெருவே சொன்னது. எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் எனக்கு வேலை. தேர்தல் நேரத்தில் ஒருநாள் மினி பஸ்ஸை விட்டு இறங்கினால், பஸ் ஸ்டாண்ட் வாசலில் பெரிய திரை கட்டிய பிரசார வண்டி. திரையில் நான். சோகமான இசைக்கு நடுவே வாய் கோணி அழுகிறேன். "இந்தக் கண்ணீருக்கு யார் பொறுப்பு?" என்று ஒரு கட்சி கேட்கிறது. பூக்காரம்மா திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கடைக்கு ஓடினேன்.

அடுத்த வாரம் எதிர்த்தரப்பு அதே வீடியோவை எடுத்து, என் காதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டது. தோடு போட்ட ஏழையாம். கூட்டிவந்து நடிக்கவைத்த நடிகையாம். செல்போன் செல்போனாக அது பரவியது.

என் கணவர் கடலூரில் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்தார். சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை செய்பவர்கள் அதைப் போட்டுக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். கான்ட்ராக்டர் அந்த எதிர்த்தரப்பு ஆள். "ஒன் பொண்டாட்டி நடிச்சே சோறு போடுவா, நாளையிலேர்ந்து வராத" என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்தவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நீ ஏன்டீ அழுத?"

"ஒன்னத் தண்ணி கொண்டுபோயிடுச்சுன்னு நெனச்சு அழுதேன், மாமா."

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வீடியோவை நீக்கச் சொல்லிக் கெஞ்ச, கடலூரில் இருந்த அந்த முதல் கட்சியின் பிரசார அலுவலகத்துக்குப் போனேன். அங்கே வீடியோ வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மரியாதையாக நாற்காலி போட்டார்.

"அக்கா, ஊரு ஒலகமே பாத்துருச்சு. இனிமே எடுத்துட்டா மட்டும் இன்னா ஆவப்போவுது?"

"நான் பயிருக்கு அழல சார். எங்க வூட்டுக்காரரக் காணோம்னு அழுதேன்."

அவர் முகம் மலர்ந்தது. "இது இன்னும் நல்லாருக்கே! இத ஒரு தபா கேமராவுல சொல்றீங்களா?"

எழுந்து வந்துவிட்டேன். மனசு கேட்காமல், சிதம்பரத்தில் ஒரு யூடியூப் சேனலில் போய், நான் எந்தக் கட்சியும் இல்லை, என்னை விட்டுவிடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டு அழுதபடி சொன்னேன். அவர்கள் அதற்கு வைத்த தலைப்பு: 'கட்சி ஏமாற்றியது, கதறும் நடிகை!' அதை எதிர்த்தரப்பு தன் வண்டியில் போட்டது. கடைத்தெருவில் இரண்டு வண்டியிலும் நான் அழுதேன்.

வாக்குப்பதிவுக்கு முன்னாலேயே எங்கள் வாய்க்கால் கரைக்குக் கல் கொட்டிக் கட்டினார்கள். "ஒன் மூஞ்சி டிவியில வரலன்னா இந்தக் கல்லு வந்திருக்குமா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அவள் சொன்னது பொய்யில்லை. அடுத்த மழைக்கு ஒரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் வரவில்லை.

அதற்குள் என் கணவர் திருப்பூருக்கு, ஒரு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டிருந்தார். பொங்கலுக்கும் வரவில்லை. போன் செய்தேன்.

"வந்துடு மாமா. எலெக்‌ஷன் முடிஞ்சு எவ்ளோ நாளாச்சு. எல்லாரும் மறந்துட்டாங்க."

"இங்க ஒன்னை எவனுக்கும் தெரியாது. என்னையும் தெரியாது. நிம்மதியா இருக்குது."

"அப்ப நான்?"

போனில் தையல் மிஷின்களின் சத்தம் கேட்டது. பிறகு அவர் போனை வைத்துவிட்டார்.